மேனிஃபோல்டுக்கு அடியில் இரண்டு நாக் சென்சார்கள்

எங்கள் பழைய வி6 பெட்ரோல் எஸ்யூவி பெங்களூர் டிராஃபிக்கில் ஒழுங்காகத்தான் ஓடியது. நந்தி மலை ஏற்றத்தில்தான் இழுக்கவே இல்லை, செக் என்ஜின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரில் வந்த எரர் கோடுகள் (பிழைக் குறியீடுகள்) பி0325, பி0330. வி6 என்ஜினில் சிலிண்டர்கள் இரண்டு வரிசையாக இருக்கும், ஒவ்வொரு வரிசையும் ஒரு பேங்க். முதலாவது பேங்க் 1 நாக் சென்சார் சர்க்யூட், மற்றது பேங்க் 2. ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கமோ அதுதான் பேங்க் 1. இடது, வலது என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

ஸ்பார்க் பற்றவைத்த பிறகு மிச்சக் கலவை தானாக வெடித்தால் என்ஜின் பிளாக்கில் தனி அதிர்வு வரும், அதுதான் நாக். சென்சாரிலுள்ள பீசோ கிரிஸ்டல் அதை சிக்னலாக்கி அனுப்ப, ஈசியு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி என்ஜினைக் காப்பாற்றும். சிக்னலே சரியாக வராவிட்டால் பாதுகாப்புக்காக டைமிங்கைப் பின்னாலேயே வைத்திருக்கும். பவர் குறைந்தது அதனால்தான். விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

பல நாலு சிலிண்டர் வண்டிகளில் சென்சார் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும், கஷ்டப்பட்டால் கை எட்டும். எங்கள் வண்டியில் இரண்டுமே வி-க்கு நடுவிலுள்ள பள்ளத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். வில்சன் கார்டனில் ஷெட் வைத்திருக்கும் கிருஷ்ணகிரிக்கார அண்ணன், "உடனே சென்சார் வாங்காதீங்க சார். ரெண்டு கோடும் ஒண்ணா வந்தா மொதல்ல வயரப் பாக்கணும்" என்றார். ஈசியு கனெக்டரிலிருந்து மல்டிமீட்டர் வைத்தார். ஒரு லைனில் கன்டின்யுட்டி இல்லை, அதாவது இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. அந்தக் குட்டி வயரிங்கும் மேனிஃபோல்டுக்கு அடியில்தான். அத்தனையையும் பிரித்துவிட்டுப் பழைய சென்சாரை விட்டுவைப்பதில் அர்த்தமில்லை. ஜே.சி. ரோட்டில் பார்ட் நம்பரைக் காட்டி இரண்டு சென்சார், வயரிங், கேஸ்கெட் எல்லாம் வாங்கினேன். காப்பி சரக்கு பாதி விலைக்குக் கிடைத்தது. இந்த வேலைக்கு அது வேண்டவே வேண்டாம்.

என்ஜின் நன்றாக ஆறியபின் ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்து ஸ்டார்ட் செய்து பெட்ரோல் லைன் பிரஷரை இறக்கினார், பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார். கழற்றுவதற்கு முன்பே கம்ப்ரசர் காற்றில் தூசியை ஊதிவிட்டார். ஒவ்வொரு வேக்குவம் ஹோஸுக்கும் நான் டேப் ஒட்டி எண் எழுதி போட்டோ எடுத்தேன். மேனிஃபோல்ட் வெளியே வந்ததும் போர்ட்களைச் சுத்தமான துணியால் அடைத்தோம். ஒரு நட் உள்ளே விழுந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டிவரலாம். பள்ளத்தில் காய்ந்த சேறு, சென்சார்களில் துரு, தொட்டதும் நொறுங்கிய கனெக்டர். வாட்டர் வாஷ் தண்ணீர் அங்கே தேங்கியிருக்கிறது.

போல்ட்டை இறுக்குவதுதான் முக்கியமான கட்டம். வளைய வடிவ சென்சார் பிளாக்கோடு நேரடியாக ஒட்டி உட்கார வேண்டும்: அடியில் துரு, பெயின்ட், வாஷர் எதுவும் கூடாது. எங்கள் மேனுவலில் 20 நியூட்டன் மீட்டர். லூஸாக இருந்தால் அதிர்வு சரியாகச் சேராது, அதிகம் இறுக்கினாலும் அளவு தப்பும். கைக் கணக்கு இங்கே செல்லாது. அண்ணனும் டார்க் ரெஞ்ச்தான் எடுத்தார்.

புது கேஸ்கெட் வைத்து மேனிஃபோல்ட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்கினோம். ஐடில் ஆடவில்லை, காற்றுக் கசிவு இல்லை. எரர் கோடுகளை அழித்துவிட்டு எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஸ்கேனரோடு ஓட்டினோம். ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப டைமிங் ஏறி இறங்கியது, இழுவையும் திரும்பிவிட்டது. இப்போது சர்வீஸுக்கு விடும்போதெல்லாம், பானெட்டைத் திறந்து பிரஷர் வாட்டர் அடிக்க வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லிவிடுகிறேன்.