நூற்றுக்கு இரண்டு என்றால் எவ்வளவு?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் உள்ள ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை காலையில் பதினோராந் தர மாணவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் ஊர்ப் பெண்களுக்கும் வகுப்பெடுத்து வருகிறேன். மாணவர்களுக்குப் பரீட்சைக்கான கணிதம், பெண்களுக்குச் சேமிப்பும் கடனும் என்று தொடக்கத்தில் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருந்தேன். அப்படிப் பிரித்தது பிழை என்பதை ஒரு கடன் அட்டை எனக்குக் காட்டியது.

அதைக் கொண்டுவந்தவர் தையல் தொழில் செய்யும் ஒரு தாய். 60,000 ரூபாய் கடன், மாதம் 6,200 ரூபாய் வீதம் 12 தவணைகள் என்று அட்டையில் எழுதியிருந்தது. “நூற்றுக்கு ரெண்டு வட்டி எண்டுதான் சொன்னவை, மாஸ்ரர். வருசத்துக்கு இருபத்துநாலுதானே. ஊருக்குள்ள அஞ்சு வட்டிக்கு வாங்கிறதை விட இது பரவாயில்லை” என்றார். அவர் சொன்னதில் பாதி சரி. மாதம் நூற்றுக்கு ஐந்து என்று வாங்கி, வட்டியையும் கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி ஏறி, கடன் 15 மாதத்தில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆனால் அவருடைய கடனின் வட்டி 24 வீதம் என்பது கணக்குக்குப் பொருந்தவில்லை.

கரும்பலகையில் செய்து பார்த்தோம். 12 தவணைகளில் அவர் கட்டும் மொத்தத் தொகை 74,400 ரூபாய். ஆகவே வட்டி 14,400 ரூபாய். அது 60,000 ரூபாயில் 24 வீதம் என்பது உண்மைதான். ஆனால் அந்த 60,000 ரூபாய் ஆண்டு முழுவதும் அவர் கையில் இருக்கவில்லை. மாதந்தோறும் கடனின் முதல் தொகையில் 5,000 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் மாதம் அவரிடம் இருந்த கடன் 60,000, இரண்டாம் மாதம் 55,000, கடைசி மாதம் வெறும் 5,000. இந்தப் பன்னிரண்டு தொகைகளையும் கூட்டினால் 390,000. பன்னிரண்டால் வகுத்தால் 32,500. அதாவது ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாக 32,500 ரூபாயை வைத்திருந்ததற்காக 14,400 ரூபாய் கொடுக்கிறார். அது 44 வீதத்துக்குச் சற்று மேல். (நிதி நிறுவனங்கள் கையாளும் நுணுக்கமான கணிப்பில் 42 வீதத்தை ஒட்டி வரும்; நாங்கள் பேசிக்கொண்டிருந்த விடயத்துக்கு அந்த வேறுபாடு பெரிதன்று.)

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, இதே கணக்கை, இதே கரும்பலகையில், அந்தத் தாயின் மகள் பிழையின்றிச் செய்து காட்டியிருந்தாள். குறைந்து செல்லும் மீதியின் மேல் வட்டி கணிப்பது அவர்களுடைய பாடத்திட்டத்தில் உள்ள விடயம். நிறுவனம் ஒன்றில் தவணைக்குப் பொருள் வாங்கும் யாரோ ஒருவரைப் பற்றிய கணக்காக அது அவளுக்கு அறிமுகமாகியிருந்தது. வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த அட்டையும் அதே கணக்குத்தான் என்பது அவளுக்கும் தெரியவில்லை, அவளுக்குக் கற்பித்த எனக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு மாணவர்களையும் தாய்மாரையும் மாதத்தில் ஒரு நாளாவது ஒன்றாக இருத்துகிறேன். முதலில் வெட்கப்பட்டார்கள். பிள்ளைக்கு முன்னால் கடனைப் பற்றிப் பேசுவது எங்கள் வீடுகளில் வழக்கமில்லை.

வளர்ந்தவர்களுக்குக் கற்பிக்கும்போது நான் அறிந்துகொண்டது, அவர்களில் பலர் வட்டி வீதத்தை எண்ணிப் பார்ப்பதே இல்லை என்பதுதான். தவணைத் தொகை எவ்வளவு, அதை இந்த மாதம் கட்ட இயலுமா என்ற இரண்டையும் மட்டும் பார்க்கிறார்கள். போருக்குப் பின்னர் வீடு வீடாக வந்த நுண்கடன்கள் இந்தப் பழக்கத்தின் மேல்தான் வளர்ந்தன. கிழமைத் தவணை சிறிதாகத் தெரியும். ஒன்றைக் கட்ட இன்னொன்றை எடுப்பதும் இலகுவாக இருக்கும். 2018 இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் நிதி நிறுவனங்களில் பெற்று, நிலுவையில் விழுந்திருந்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க நேர்ந்தது. அப்பெண்களைக் கல்வியறிவு குறைந்தவர்கள் என்று எழுதுபவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

ஏனென்றால் அதே பெண்கள் சீட்டுக் கணக்கில் என்னை வென்றுவிடுவார்கள். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு இலட்சம் ரூபாய்ச் சீட்டு. இரண்டாம் மாதமே பெரிய கழிவு கொடுத்து, அதாவது அந்த ஒரு இலட்சத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசி வரை பொறுத்திருப்பவர் சேமிக்கிறார், முன்னதாக எடுத்தவர் விட்டுக்கொடுத்த கழிவுதான் பிந்தி எடுப்பவரின் இலாபம் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இப்போது வட்டியைப் பற்றிய முதல் வகுப்பைச் சீட்டிலிருந்து தொடங்குகிறேன். “கழிவு என்பதுதான் வட்டி” என்று சொன்ன அன்று, பின்வாங்கிலில் இருந்த ஒரு மூதாட்டி, இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் என்பதுபோல் என்னைப் பார்த்தார். சீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவு, நடத்துபவர் ஊரை விட்டுப் போனால் காசும் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதுவும் அவர்களுக்கு என்னை விட நன்றாகவே தெரியும்.

நகையை அடைவு வைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீட்கும் திகதியை நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொன்னேன், அவ்வளவே.

மாணவர்களோடு பேசும்போது பணவீக்கத்துக்குத்தான் கூடுதல் நேரம் செல்கிறது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், ஓராண்டின் பின்னர், 2023 செப்ரெம்பரில், 1.3 வீதம். இந்த இரண்டு எண்களையும் எழுதியதும் ஒரு பையன், “அப்படியென்றால் பால்மா பழைய விலைக்கு வந்திருக்க வேண்டுமே?” என்று கேட்டான். பெரியவர்கள் பலரும் மனதில் வைத்திருக்கும் கேள்வி இது. 100 ரூபாய்ப் பொருள் 170 ரூபாய் அளவுக்கு ஏறிய பிறகு, அடுத்த ஆண்டு அந்த 170 இன் மேல் இன்னும் இரண்டு ரூபாய் கூடியது என்பதுதான் 1.3 வீதத்தின் பொருள். ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது. இதை விளங்கிக்கொண்ட பிள்ளைகள், அந்த ஆண்டில் நிலையான வைப்பில் கிடந்த அப்பம்மாவின் காசுக்கு என்ன நடந்தது என்று தாங்களாகவே கணக்குப் பார்த்தார்கள்.

ஆட்களைச் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிட் திட்டங்களை விளக்க ஒரு பெருக்கல் போதும். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆறாறு பேரைச் சேர்க்க வேண்டும் என்றால், எட்டாம் படியில் மட்டும் 1,679,616 பேர் தேவை. யாழ்ப்பாண மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை ஆறு இலட்சம் அளவில்தான். இத்தகைய திட்டங்களை வங்கித்தொழில் சட்டம் தடை செய்திருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகள் அசையவில்லை. பெருக்கலைப் பார்த்தபோதுதான் இரண்டு பேர் தங்கள் கைத்தொலைபேசியை எடுத்து ஏதோ ஒரு குழுவிலிருந்து விலகினார்கள்.

“வங்கி விழுந்தால் எங்கட காசு?” என்ற கேள்வி ஒவ்வொரு ஞாயிறும் வரும். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ உள்ள வைப்புக்கு, ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. கூடுதல் வட்டி தருகிறோம் என்று வீட்டுக்கு வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவருடைய நிறுவனம் அந்த அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்பதைத்தான்.

பிணை நிற்பது பற்றிப் பேச நான் கூச்சப்பட்டதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் உடன் கற்பித்த ஒருவர் கேட்டார் என்பதற்காக, ஒரு நிதி நிறுவனத்தின் தாளில், நடுப்பக்கங்களை வாசிக்காமல், நின்ற நிலையிலேயே கையொப்பமிட்டேன். அவர் வெளிநாடு போனார். வீட்டுக் கூரைக்கு நான் கடன் கேட்டுப் போனபோது, கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அவருடைய நிலுவை என் பெயரோடும் சேர்ந்து நின்றது. மிகுதியைக் கட்டி முடிக்க எனக்கு இரண்டரை ஆண்டு எடுத்தது. அந்த அறிக்கையின் பிரதியை, அடையாள அட்டை இலக்கத்தை மறைத்து, இப்போது வகுப்பில் கைமாற்றி வாசிக்கக் கொடுக்கிறேன். சென்ற மாதம் அதைப் படித்து முடித்த தையல்காரத் தாய், தாளைத் திருப்பித் தரும்போது கேட்டார்: “அந்தக் கடன் நூற்றுக்கு எத்தினை எண்டு அண்டைக்கு நீங்கள் கேக்கேல்லையோ, மாஸ்ரர்?”

கேட்கவில்லை என்று சொன்னேன். மகள் சிரித்தாள்.