அக்காவிடம் சொல்லப்படாத ஒன்று

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக 25 நாள் வெளிக் கதிர்வீச்சும், பிறகு உட்கதிர்வீச்சும் முடித்து வீடு திரும்பிய என் அக்காவிடம், யோனிப் பாதை சுருங்கக்கூடும் என்று மருத்துவமனையில் ஒருவரும் சொல்லவில்லை. நான்கு மாதம் கழித்து உள்பரிசோதனை மேசையில் வலி தாளாமல் அவள் என் மணிக்கட்டை இறுகப் பற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது.

கதிர்வீச்சு நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்துவதால் திசுவில் ஈரமும் நெகிழ்வும் குறைகின்றன. நார்த்திசு படர்ந்து பாதை குறுகுவதோடு, புண்ணான சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். இதைத் தடுக்க, சிகிச்சை முடிந்து பொதுவாக 2 முதல் 8 வாரங்களுக்குள், அழற்சி தணிந்ததை மருத்துவர் உறுதிசெய்த பின், டைலேட்டர் என்னும் வழவழப்பான குழலை யோனிக்குள் மெல்லச் செலுத்திப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். வாரத்தில் 2 அல்லது 3 முறை, 5 முதல் 10 நிமிடங்கள், நீர் சார்ந்த ஜெல் தடவி, வலுக்கட்டாயம் இன்றிச் செய்ய வேண்டும். லேசான இரத்தக்கறை படுவது இயல்பு. அதிக இரத்தப்போக்கோ கடும் வலியோ இருந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"அவரே போய்ச் சேர்ந்துட்டார், எனக்கு எதுக்குடி இது?" என்று அக்கா கேட்டாள். தாம்பத்தியத்துக்கு மட்டுமன்று, நோய் திரும்புகிறதா என்று மருத்துவர் பார்ப்பதற்கும் அந்தப் பாதை திறந்திருக்க வேண்டும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே ஒவ்வொரு பெண்ணுக்கும் விளக்கியிருக்க வேண்டும்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் இரவில் அறையைத் தாழிட்டு, முழங்கால்களை மடக்கிப் படுத்து, மூச்சை மெல்ல விட்டபடி அவள் அதைச் செய்கிறாள்.