விருதுப்பட்டி என்று தேடுங்கள்

விருதுநகரில் தாத்தா காலத்தில் நடந்த ஒரு கூட்டுறவு பண்டகசாலையின் கதையைத் தேடி ஏழு மாதம் அலைந்தேன். பாதி நாள் தவறான கதவைத் தட்டியே போனது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

முதலில் போன அலுவலகத்தில், "1985க்கு முந்தைய காகிதம் எதுவும் எங்களிடம் இல்லை, ராமநாதபுரத்தில் கேளுங்கள்" என்றார்கள். மாவட்டம் பிரிந்தது அந்த ஆண்டில்தான், அதனால் நம்பிப் போனேன். அங்கே இரண்டு மணி நேரம் காக்க வைத்துவிட்டு, "பதிவு எண் இருக்கிறதா?" என்று கேட்டார் எழுத்தர். அதைத் தேடித்தானே வந்திருக்கிறேன்! பதிவேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டார். ஒரு நாள் விடுப்பு வீண்.

அப்புறம்தான் ஓய்வுபெற்ற கூட்டுறவு சார்பதிவாளர் ஒருவர், "ஸ்டோரா, நிதியா, சங்கமா? அதை முதலில் முடிவு பண்ணுங்க தம்பி" என்றார். நான் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். 1904 கூட்டுறவுச் சட்டம் கடன் சங்கங்களை மனதில் வைத்து வந்தது. மற்ற வகைச் சங்கங்களுக்கு வழி விட்டது 1912 சட்டம். அவை கூட்டுறவுத் துறையின் கீழ் வரும். பரஸ்பர சகாய நிதிகள் கம்பெனிச் சட்டத்தில் பதிவானவை, அவற்றைக் கூட்டுறவு அலுவலகத்தில் தேடிப் பயனில்லை. 1860 சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கங்களுக்குப் பதிவுத்துறைக்குப் போக வேண்டும். உறவின்முறை போன்ற சமூக அமைப்புகள் எந்தப் பதிவுக்கும் முன்பிருந்தே நடந்தவை. அவற்றின் மகமைக் கணக்கு, அதாவது வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கு ஒதுக்கிய பணத்தின் கணக்கு, அவர்களிடமே இருக்கும், பெரியவர் யாரையாவது முன்வைத்துக் கேட்டால்தான் பார்க்கக் கிடைக்கும்.

சென்னையில் ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் சிரமமில்லாமல் முடிந்தன. பரிந்துரைக் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுபோயிருந்தேன். ஆனால் அட்டவணையில் 'கூட்டுறவு' என்று தேடாதீர்கள். அந்தச் சொல் பரவும் முன்பு 'ஐக்கிய நாணய சங்கம்' என்றுதான் எழுதினார்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான். 1923 வரை விருதுநகரின் பெயர் விருதுப்பட்டி. 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் முன்பு அந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை தொகுதிகளைப் புரட்டினேன்!

கடைசியில் எனக்குக் கை கொடுத்தது அலுவலகம் எதுவும் இல்லை. தெற்குத் தெருவில் ஒரு ஆச்சி, மாமனாரின் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பலசரக்குச் சிட்டைகளுக்கு அடியில் ஒரு பங்குத்தொகை ரசீது. தேதி இருந்த மூலையைக் கரையான் அரித்துவிட்டது. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. திருப்பிக் கொடுக்கும்போதுதான் தலைப்பில் அச்சாகியிருந்த ஊர்ப் பெயரைப் பார்த்தேன்: விருதுப்பட்டி. பழைய ரசீதுப் புத்தகத்தையே சில ஆண்டுகள் கூடுதலாக ஓட்டியிருந்தாலும், அதை அச்சடித்தது பெயர் மாறுவதற்கு முன்புதான். ஆச்சியின் அனுமதியோடு இரு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். அந்த ரசீதில் பதிவு எண்ணும் இருந்தது.