கழுதை தேடப் போன ராஜா

பிப்ரவரி 4, 2025

ராத்திரி மறுபடியும் பைபிளின் 1 சாமுவேல், இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலின் கதை. அரண்மனைப் புகழ்மாலை என்று சிலர் சொல்லும் புத்தகம். அப்பா கீசின் கழுதைகள் காணோம் என்று தேடக் கிளம்பிய சவுல், ராஜாவாக அபிஷேகம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். ஊர்கூடிப் பெயரைச் சொல்லும்போது ஆள் மூட்டை முடிச்சுகளுக்குள் ஒளிந்திருக்கிறான். ராஜா வந்தால் மகன்களைத் தேருக்கு இழுப்பான், மகள்களை அப்பம் சுட வைப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றை எடுப்பான் என்று 8-ம் அதிகாரத்திலேயே தீர்க்கதரிசி சாமுவேல் சொல்லியாயிற்று. அரண்மனையில் உட்கார்ந்து எழுதிய புகழ்மாலை என்றால் இதையெல்லாம் விட்டுவைத்திருப்பார்களா?

பிப்ரவரி 6

சவுல் பெயரில் ஒரு கல்வெட்டும் இல்லை. எகிப்தின் மெர்னெப்தா கல்லில் (சுமார் கி.மு. 1208) இஸ்ரவேல் வருகிறது, ராஜா வரவில்லை. எகிப்திய சித்திர எழுத்தில் பெயரோடு அது எந்த வகை என்று காட்டும் குறி சேரும். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் நாட்டைக் காட்டும் குறி. இஸ்ரவேலுக்கு மட்டும் ஓர் ஆண், ஒரு பெண், கீழே மூன்று கோடு. அதாவது, ஜனக்கூட்டம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முழுக்க தெல் தாண், வட இஸ்ரவேலில் அகழ்ந்த ஒரு மேடு. 1993-ல் பழைய சுவர் ஒன்றில் செருகியிருந்த கருங்கல் துண்டு. அரமேய மொழி, கி.மு. 9-ம் நூற்றாண்டு, எதிரி ராஜாவின் வெற்றிப் பெருமை. ஒன்பதாவது வரியில் 'பைத் தாவீத்', அதாவது சவுலுக்குப் பின் வந்த ராஜா தாவீதின் வீடு. மற்ற சொற்களுக்கு நடுவே பிரித்துக் காட்டும் புள்ளி இருக்கிறது, இந்த இரண்டுக்கும் நடுவே இல்லை. வம்சத்தின் பெயரா, வெறும் ஊர்ப் பெயரா என்று அந்த ஒரு புள்ளிக்காக எத்தனை வருஷச் சண்டை! காகிதத்தில் ஆறு எழுத்தையும் எழுதிப் பார்த்தேன். வம்சத்தின் பெயர் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் தாவீது எவ்வளவு பெரிய ராஜா என்பதற்கு இது சாட்சியாகாது.

பிப்ரவரி 12

வேலை அதிகம். எருசலேமுக்குத் தென்மேற்கே அகழ்ந்த கிர்பெத் கெயாஃபாவில் கிடைத்த கருகிய ஒலிவக் கொட்டைகளைப் பற்றி அரைப் பக்கம்தான் படித்தேன். அவற்றின் வயதை வைத்துப் பார்த்தால் கி.மு. 1000-ஐ ஒட்டி மதிலும் இரண்டு வாசலுமாக ஓர் ஊர். தாவீதின் ராஜ்யமான யூதாவின் ஊர் என்கிறார் அகழ்ந்த கார்ஃபிங்கல், இன்னொரு தொல்லியலாளர் ஃபின்கெல்ஸ்டைன் ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 15

வட இஸ்ரவேலின் ராஜா உம்ரியின் ஆட்சிக்கு 1 இராஜாக்கள் 16-ல் ஆறே வசனம்: இரண்டு தாலந்து வெள்ளிக்கு மலை வாங்கினான், சமாரியாவைக் கட்டினான், பொல்லாப்புச் செய்தான், செத்தான். கல்லிலோ அவன்தான் பெரிய ஆள். பக்கத்து நாடான மோவாபின் ராஜா மேசா, உம்ரி தன் நாட்டை ஒடுக்கினான் என்று தன் கல்லில் பெயர் சொல்லிக் குறைபடுகிறான். அசீரியரின் கறுப்புத் தூணில் ஒருவன் நெற்றி தரையில் பட விழுந்து கிடக்கிறான். மேலே 'உம்ரியின் மகன் யெகூ' என்று எழுதியிருக்கிறது. உம்ரியின் பேரன் யோராமை அம்பெய்து கொன்று அந்த வீட்டையே வேரறுத்தவன் இந்த யெகூ. படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.