ஏ.பி.எஸ். லைட் எரிகிறதா? சென்சார் வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

பழைய காரில் ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி) லைட் அணையாமல் எரிந்தால் உடனே கிடைக்கும் யோசனை, "வீல் சென்சார் போயிருக்கும், மாத்திடுங்க" என்பது. பல நேரம், சக்கர வேகத்தை அளக்கும் அந்தச் சென்சார் நன்றாகத்தான் இருக்கும். வயர், கனெக்டர், சக்கரத்தோடு சுழன்று சென்சாருக்குச் சிக்னல் தரும் பல் வளையம் இவற்றில் ஒன்று கெட்டிருக்கும்.

ஏ.பி.எஸ்.ஸின் மஞ்சள் லைட் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். ஏ.பி.எஸ். வசதிதான் இல்லை. சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிந்தால் விஷயம் வேறு. ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் அளவு சரியா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் குறைந்திருந்தால் பேட் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ ஒழுகும். ஊற்றி நிரப்பினால் அது தீராது.

லைட் எப்போது எரிகிறது என்பதே பாதி விடை. சாவி போட்டதும் சில நொடி எரிந்து அணைவது இயல்பான சோதனை. அணையவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, அறுந்த வயர் பக்கம் போங்கள். அணைந்துவிட்டு, வண்டி நகர்ந்து சற்று வேகமெடுத்ததும் எரிந்தால் சக்கரத்திலிருந்து சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்று சந்தேகிக்கலாம். பேட்டரியில் சார்ஜ் குறைந்திருந்தாலும் லைட் வரும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் மலிவான கோட் ரீடர்கள் (code reader) பெரும்பாலும் எஞ்சின் கோளாறை மட்டும்தான் படிக்கும். ஏ.பி.எஸ். படிக்கும் ஸ்கேனர் வேண்டும். அது "இடது முன் சென்சார்" என்று காட்டினால், அந்த மூலையின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் அர்த்தம். சென்சாரே கெட்டது என்றல்ல.

பழைய கார்களில் பெரும்பாலும் இரண்டு வயர் காந்தச் சுருள் சென்சார். சாவியை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் சென்சாரின் ஓம் (மின்தடை) அளவைப் பாருங்கள். பொதுவாக 800 முதல் 2,000 ஓம் வரை காட்டும். அந்த எண்ணை விட, அதே அச்சின் மறுபக்கச் சென்சாரோடு ஒப்பிடுவதுதான் நம்பகமானது. மீட்டரை மாட்டியபடியே வயரை அசைத்து, ஸ்டீயரிங்கை இரு ஓரமும் திருப்புங்கள். ஸ்ட்ரட் (முன் சக்கர சஸ்பென்ஷன் தூண்) அருகே வளைந்து வளைந்து உள்ளே அறுந்த வயர், உறை முழுசாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. எண் குதிப்பதில்தான் பிடிபடும். கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுற்றுங்கள். 0.1 வோல்ட்டாவது வர வேண்டும்; வேகம் கூடினால் எண்ணும் ஏற வேண்டும். ஓம் சரி, வோல்ட் குறைவு என்றால் சென்சார் முனையில் இரும்புத் துகள் அப்பியிருக்கும், பேரிங் ஆடும், அல்லது சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் இடைவெளி கூடியிருக்கும். வெளியிலிருந்து மின்சாரம் ஊட்டினால்தான் வேலை செய்யும் ஹால் வகைச் சென்சாரில் இந்த ஓம் சோதனை செய்யவே கூடாது. வண்டிப் பக்கக் கனெக்டரில் சாவி போட்டு மின்சாரம் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

பல் வளையம் பலர் கண்ணில் படாமலே போகும். ஆக்ஸிலில் (சக்கர அச்சு) அடித்து ஏற்றிய வளையத்துக்கு அடியில் துரு ஊதி, முடி அளவு விரிசல் விடும். ஒரு சுற்றுக்கு ஒருமுறை சிக்னல் தடுமாறும். காய்ந்த சாலையில் மெதுவாக நிறுத்தும்போது, கடைசி நொடியில் பெடல் கடகடவென்று அதிர்ந்தால் நேராக அங்கே போங்கள். லைட் எரியாமலேகூட இது நடக்கும்.

புது பேரிங் போட்டபின் லைட் வந்ததா? சில பேரிங்குகளில் பல் வளையத்துக்குப் பதிலாக, சிக்னல் தரும் காந்த வளையம் ஒரு பக்க சீலிலேயே இருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்க்காமல் தலைகீழாக ஏற்றியிருந்தால் சிக்னலே வராது. பிடுங்கிய பேரிங் பெரும்பாலும் மறுபடி உதவாது.

நான்கு மூலையும் சரியென்றால்தான் மாட்யூல் (ஏ.பி.எஸ்.ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி) பக்கம் போக வேண்டும். அங்கேயும் முதலில் எர்த் இணைப்பைச் சுரண்டி இறுக்குங்கள்.