சாலையோரம்தான் கானமயிலுக்குப் பிடிக்குமாம்

நான் சொல்லவில்லை, என் கணினி மாடல் சொன்னது. கானமயில் என்ற பெரிய புல்வெளிப் பறவைக்கு (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) எந்த இடம் எவ்வளவு ஒத்துவரும் என்று காட்டும் வாழிடப் பொருத்த வரைபடம் போட உட்கார்ந்தபோது, ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பறவையைப் பார்த்த இடங்களின் பட்டியல், வேர்ல்ட்கிளிம் என்ற தரவுத்தொகுப்பின் 19 தட்பவெப்ப அடுக்குகள், நிலப்பயன்பாடு, சாலையிலிருந்து தூரம், எல்லாவற்றையும் மேக்ஸென்ட் என்ற மென்பொருளில் கொட்டினால் வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 1 வரை ஒரு பொருத்த மதிப்பு வந்துவிடும். வந்தது. மாடல் எவ்வளவு நன்றாகப் பிரித்தறிகிறது என்பதற்கான மதிப்பெண்ணான ஏயூசியும் முழு மதிப்பெண்ணான 1-ஐ ஒட்டி வந்து நிற்க, கொஞ்ச நேரம் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் சாலைத் தூரம் மாற மாறப் பொருத்தம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோட்டைத் திறந்து பார்த்தேன். சாலையை நெருங்க நெருங்கப் பொருத்தம் ஏறுகிறது! ஆள் நடமாட்டம் கண்டாலே விலகிப்போகும் பறவை இது. விஷயம் என்னவென்றால், ஜெய்சல்மேர் பக்கம் பறவை பார்க்கப் போகிறவர்கள் ஜீப்பில் போகிறார்கள், ஜீப் சாலையில் போகிறது. நான் கொடுத்த புள்ளிகளில் பாதிக்கதை பறவையுடையது, மீதி ஜீப்புடையது.

அதனால் பறவையைப் பார்த்த இடங்களோடு மாடல் ஒப்பிட்டுப் பார்க்கும் பின்னணிப் புள்ளிகளை எங்கிருந்தோ எடுக்காமல், மற்ற பறவைகளை மக்கள் பதிவு செய்த இடங்களிலிருந்தே எடுத்தேன். ஜீப் இரண்டு பக்கமும் இருந்தால் அதன் கதை கழிந்துவிடும். மாடலுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் புள்ளிகளையும் அதைச் சோதிக்கும் புள்ளிகளையும் கண்டபடி பிரிக்காமல் நிலப்பரப்பைப் பெரிய பெரிய கட்டங்களாக வெட்டிப் பிரித்தேன், இல்லாவிட்டால் பயிற்சிப் புள்ளிக்கு அடுத்த வயலில் இருப்பதையே வைத்துச் சோதித்துவிட்டு மார்தட்டிக்கொள்வோம். ஏயூசி சரசரவென்று இறங்கியது. வளைகோடும் ஒருவழியாகத் திரும்பியது.

நிலப்பயன்பாட்டு அடுக்கு தனித் தலைவலி. கானமயிலுக்கு வேண்டியது திறந்த புல்வெளி, ஆனால் நம் ஊர் வரைபடங்களில் புல்வெளிக்குப் பெயர் பெரும்பாலும் 'தரிசு'. அதை நான் கையால்தான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

மின்கம்பிகளைச் சேர்ப்பதா என்று ரொம்ப யோசித்தேன். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் இந்தப் பறவைக்கு நேர் எதிரே பார்வை குறைவு, உடம்போ கனம், கம்பியைக் கண்டபிறகு சட்டென்று திரும்ப முடியாது. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் இனத்தில் ஒவ்வொரு சாவும் பெரிய இழப்பு. உச்ச நீதிமன்றம் வரை போன விவகாரம் இது, 2021-இல் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்ன உத்தரவை 2024-இல் தளர்த்தினார்கள். இத்தனையும் தெரிந்தும் கம்பியை மாடலுக்குள் சேர்க்கவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் பறவையைப் பார்த்ததாகப் பதிவு இருக்கும், மறுநாள் அது அடிபட்டு விழுந்தது அதில் இருக்காது. சாலை விஷயத்தில் நடந்த கூத்துதான் இங்கேயும் நடக்கும்.

ஆகவே கம்பிகளைத் தனி அடுக்காக, கறுப்புக் கோடுகளாக, வரைபடத்தின் மேலே போட்டிருக்கிறேன். மாடல் அதிக மதிப்புக் கொடுத்த கட்டங்கள் சிலவற்றின் நட்டநடுவிலேயே அவை ஓடுகின்றன.