ஈபி பில்லுல வராத கணக்கு

ஒரு நகராட்சிக்கு எரிசக்தி திட்டமும் கார்பன் கணக்கும் (ஊர் காத்துல விடற சூடு புடிக்கற வாயு எவ்வளவுங்கற கணக்கு) போட்டுத் தர்ற வேலைன்னு சொன்னா கேக்கறவங்க உடனே சோலார், எலக்ட்ரிக் பஸ், காத்தாடின்னு நினைச்சுக்குவாங்க. நிஜத்துல முதல் சில மாசம் போறது ஈபி பில் தேடறதுலதான். நான் ஒரு சின்ன கன்சல்டன்சில இருக்கேன், தமிழ்நாட்டுல நடுத்தர சைஸ் ஊர்களுக்கு இந்த வேலையைத்தான் சில வருஷமா பண்ணிட்டு இருக்கேன், ஊர் பேர் எதுவும் சொல்லப் போறதில்ல, ஏன்னா எந்த ஊர்ப் பேரைப் போட்டாலும் கதை கிட்டத்தட்ட இதுதான்.

ஒரு நகராட்சி பேர்ல எத்தனை மின் இணைப்பு இருக்குன்னு கேட்டா மூணு பதில் வரும். பொறியியல் பிரிவுல ஒரு லிஸ்ட், அக்கவுண்ட்ஸ்ல பணம் கட்டற லிஸ்ட் ஒண்ணு, மின்வாரியத்துல ஒண்ணு, மூணும் ஒத்துப் போகாது. தண்ணி பம்பிங், தெரு லைட், ஆபீஸ், பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், கழிப்பிடம், பார்க், தகன மேடைன்னு ஊர் முழுக்க மீட்டர் சிதறிக் கெடக்கும். வத்திப் போன போர்வெல்லுக்கு வருஷக்கணக்கா மினிமம் சார்ஜ் கட்டிட்டு இருப்பாங்க. ஊரோட சேத்த பழைய ஊராட்சிகளோட சர்வீஸ் இன்னும் ஊராட்சித் தலைவர் பேர்லயே ஓடும். இதையெல்லாம் ஒரே எக்செல்ல கொண்டு வந்து, ஒவ்வொரு சர்வீஸ் நம்பருக்கும் நேரா "இது எங்க இருக்கு, எதுக்கு ஓடுது"ன்னு எழுதறதுதான் திட்டத்துல பாதி. மீதி பாதி பவர்பாயிண்ட்.

கணக்கு முறைன்னு பாத்தா நகரங்களுக்குன்னே 2014ல ஒரு உலகப் பொது முறை வந்துச்சு, கட்டடங்கள்ல ஆகற எரிசக்தி, போக்குவரத்து, கழிவு, தொழிற்சாலை, விவசாயம்னு பிரிச்சுப் போடணும். நாங்க போடறப்போ நகராட்சி தானே வெளியேத்தற கார்பன் தனி, ஊர் மொத்தமும் தனி. ஊர் மொத்தத்துல நகராட்சி ஆபீஸும் பம்பும் லைட்டும் சின்னப் பங்குதான், பெரும்பங்கு வீடு, கடை, மில்லு, வண்டி. ஆனா நகராட்சியால கரண்ட் விலையை மாத்த முடியாது, பெட்ரோல் விலையை மாத்த முடியாது, பஸ் ரூட் கூட அவங்க கையில இல்ல. கட்டட அனுமதி, பார்க்கிங், நடைபாதை, இவ்வளவுதான் கையில. அதனால ரிப்போர்ட்ல எவ்வளவு பெரிய டார்கெட் போட்டாலும் கடைசில வேலை நடக்கற இடம் பம்ப் ஹவுஸ், லைட் கம்பம், குப்பைக் கிடங்கு, இந்த மூணும்தான். சென்னை மாநகராட்சி 2023ல காலநிலை செயல் திட்டம் வெளியிட்டு 2050ல நெட் ஜீரோ, அதாவது விடற கார்பனும் திரும்ப உறிஞ்சறதும் சமம்னு சொல்லிடுச்சு, அந்த மாதிரி பெரிய மாநகராட்சிக்கு ஆளும் இருக்கு அறிவுரை சொல்ல வெளிநாட்டு அமைப்பும் இருக்கு. நான் போற ஊர்கள்ல மின்சார விஷயம் தெரிஞ்ச ஒரே ஆள் பெரும்பாலும் ஒரு வயர்மேன்தான், அவருக்கும் ரிட்டயர்மென்ட் கிட்ட இருக்கும்.

தெரு லைட் ஈஸி. அதைப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணும் இல்ல. பழைய 40 வாட் டியூப் லைட், சோக்கோட சேத்து 50 வாட்டுக்கு மேல இழுக்கும், அந்த இடத்துல 20 வாட் எல்இடி போட்டா 30 வாட் சொச்சம் மிச்சம், ராத்திரி பதினொரு மணி நேரம்னு வச்சா வருஷத்துக்கு நாலாயிரம் மணி நேரம், ஒரு லைட்டுக்கு சுமாரா 128 யூனிட். நம்ம நாட்டு கிரிட்டுல (மின் கட்டமைப்புல) ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, அப்போ ஆயிரம் லைட்டுக்கு வருஷம் 90 டன். பில்லும் குறையும், கார்பனும் குறையும், கவுன்சிலருக்கு வார்டுல வெளிச்சமும் கூடும், எல்லாருக்கும் சந்தோஷம். 2015ல மத்திய அரசு தேசிய அளவுல எல்இடி தெரு விளக்கு திட்டம் கொண்டு வந்ததுக்கு அப்புறம் இது ஒரு புது யோசனையே இல்ல. பிரச்சனை லைட்டுல இல்ல, சுவிட்சுல. டைமர் பாக்ஸ் ஒரு தடவை கரண்ட் போய் வந்தா மணி தள்ளிப் போயிடும், காலைல ஒம்பது மணி வரைக்கும் ஒரு தெரு முழுக்க எரிஞ்சுட்டு இருக்கும், எல்இடிதானே எரிஞ்சா எரியட்டும்னு ஒரு மனநிலையும் வந்துடுச்சு.

பம்ப் ஹவுஸ்தான் ருசியான இடம்.

ஒரு ஊர்ல ஆத்தோரத்துல இருக்கற தலைமை நீரேற்று நிலையத்துக்குப் போயிருந்தேன். ஆபரேட்டர் அண்ணா அங்கேயே தங்கியிருக்கறவர், பம்ப் ஹவுஸ் வாசல்ல வெண்டை, மிளகா எல்லாம் போட்டு வச்சிருந்தார், கிளாண்டுல, அதாவது பம்ப் தண்டு வெளிய வர்ற இடத்துல, ஒழுகற தண்ணி அப்படியே வாய்க்கா கட்டி செடிக்குப் போகுது. "தண்ணி வீணாகல பாத்துக்கோங்க தம்பி"ன்னார், மறுக்க முடியல. லாக் புக்கை வாங்கிப் பாத்தேன், பிரஷர், ஆம்ப்ஸ், வோல்டேஜ் மூணு காலமும் தினமும் ஒரே நம்பர். பிரஷர் கேஜ் முள்ளு ஒரே இடத்துல ஒட்டிப் போய் நிக்குது, மோட்டார் ஆஃப்ல இருக்கும்போதும் அதே பிரஷர்தான் காட்டுது. அதைக் கேட்டா சிரிச்சுட்டு "காலம் இருக்கு, காலியா விட்டா ஆடிட்ல கேப்பாங்க"ன்னார். நியாயமான பதில்தான்.

அதுக்கப்புறம் பாத்தது டெலிவரி வால்வு, பம்புல இருந்து தண்ணி வெளிய போற குழாய்ல இருக்கற வால்வு. பாதிக்கு மேல மூடி வச்சிருக்கு. ஏங்ண்ணா இதுன்னு கேட்டேன். "முழுசாத் திறந்தா மோட்டார் டிரிப் ஆகுது தம்பி, ஏஈ சார் (உதவிப் பொறியாளர்) வந்தப்ப சொன்னேன், வால்வை அப்படியே வச்சுக்கோங்கன்னுட்டார்." அந்த ஒரு வாக்கியத்துல அந்த ஸ்டேஷனோட மொத்தப் பிரச்சனையும் இருக்கு. பம்பை டிசைன் பண்ணும்போது முப்பது வருஷம் கழிச்சு ஊர் எவ்வளவு பெருசாகும்னு கணக்குப் போட்டு, மேல கொஞ்சம் சேஃப்டியும் சேத்து, தேவைக்கு மேல ஹெட் (தண்ணியை ஏத்தற உயரம்) உள்ள பம்பா வாங்கிடுவாங்க. உண்மையான ஹெட் கம்மியா இருந்தா பம்ப் அளவுக்கு மீறித் தண்ணி தள்ளும், ஆம்ப்ஸ் ஏறும், டிரிப் ஆகும். அதனால வால்வை மூடி செயற்கையா ஒரு தடையை உண்டு பண்ணி ஓட்டறாங்க, பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டரும் கொடுக்கற மாதிரி. ஆபரேட்டர் பண்ணது தப்பே இல்ல, அவர் கையில இருந்தது ஒரு வால்வு மட்டும்தான், அதை வச்சு ஊருக்குத் தண்ணி நிக்காம பாத்துக்கிட்டார்.

ஒரு கிலோ லிட்டர் தண்ணியை நூறு மீட்டர் உயரத்துக்கு ஏத்தணும்னா பிசிக்ஸ் கணக்குப்படி 0.27 யூனிட் போதும். நல்ல பம்ப், நல்ல மோட்டார்னா நிஜத்துல 0.4 பக்கம் வரும். பழைய பம்ப், தேஞ்ச இம்பெல்லர் (பம்புக்குள்ள சுத்தித் தண்ணியைத் தள்ளற சக்கரம்), பல தடவை ரீவைண்டிங் பண்ணின மோட்டார், பாதி மூடின வால்வு, எல்லாம் சேந்தா 0.7 வரைக்கும் கூடப் போகும். அந்தத் தண்ணி ஊருக்குள்ள வந்து குழாய் ஒடஞ்சு சாக்கடைல போனா அந்த யூனிட்டும் சேந்துதான் சாக்கடைல போகுது. இதுக்குத் தீர்வு சில சமயம் ரொம்ப மலிவு, இம்பெல்லரைக் கழட்டி லேத்துல கொடுத்து விட்டத்தைக் கொஞ்சம் குறைச்சாலே போதும், கோயம்புத்தூர் பக்கம் அதுக்குத் தெரிஞ்ச ஆளுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா "இம்பெல்லர் டிரிம்மிங்"னு எஸ்டிமேட் போட்டா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, தொகை ரொம்ப சின்னது, திறப்பு விழா வைக்க முடியாது. புது பம்ப் செட்டுன்னா ஃபைல் நகரும்.

இந்த இடத்துலதான் எனக்கு ஒரு விஷயம் உறுத்த ஆரம்பிச்சுது. எச்டி பில்லை, அதாவது இந்த மாதிரி பெரிய பம்ப் ஸ்டேஷனோட உயர் அழுத்த இணைப்புக்கு வர்ற பில்லை, வரி வரியாப் படிச்சா யூனிட் காசு மட்டும் இருக்காது. டிமாண்ட் சார்ஜ் இருக்கும், அதாவது ஒரே நேரத்துல அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் இழுக்கறோம்ங்கறதுக்கான காசு, பதிவான டிமாண்ட் எவ்வளவு கம்மியா இருந்தாலும் ஒப்பந்த டிமாண்டுல ஒரு பங்குக்குக் கட்டித்தான் ஆகணும். பவர் ஃபாக்டர், அதாவது இழுக்கற கரண்ட்டுல எவ்வளவு நிஜமா வேலைக்கு ஆகுதுங்கற விகிதம், 0.9க்குக் கீழ போனா அபராதம் இருக்கும். பல ஸ்டேஷன்ல அதைச் சரியா வச்சுக்கற கெப்பாசிட்டர் பேனல் உப்பி வெடிச்சு, ஃபியூஸைப் புடுங்கி வச்சு, அப்படியே விட்டுடறாங்க, மாசாமாசம் அபராதம் தனி வரியா வந்துட்டே இருக்கும், பில் கட்டறவருக்கு அந்த வரி என்னன்னு தெரியாது, பம்ப் ஓட்டறவரு பில்லையே பாத்ததில்ல. இதை எடுத்துச் சொல்லி கெப்பாசிட்டர் மாத்தி, ஒப்பந்த டிமாண்டையும் குறைச்சா பில் நல்லாவே இறங்கும், கமிஷனர் கூப்ட்டு டீ குடுப்பார். ஆனா கார்பன்? லைன்ல கொஞ்சம் நஷ்டம் குறையும், அவ்வளவுதான், ஓடற பம்ப் அதே பம்ப், எரியற நிலக்கரி ஏறக்குறைய அதே நிலக்கரி. திட்டத்தோட "முதல் வெற்றி"ன்னு படம் போட்டு ரிப்போர்ட்ல வந்தது இதுதான். பொய் இல்ல, ஆனா கார்பன் ரிப்போர்ட்ல அதுக்கு என்ன வேலைன்னு எனக்கு இன்னிக்கும் புரியல.

தலைகீழான உதாரணம் குப்பைக் கிடங்கு. மக்கற குப்பையை மலை மாதிரி குவிச்சு வச்சா உள்ள காத்து போகாம மீத்தேன் உண்டாகும், நூறு வருஷக் கணக்குல பாத்தா கார்பன் டை ஆக்சைடை விட 28 மடங்கு சூடு புடிக்கற வாயு. வெயில் காலத்துல கிடங்கு தீப்புடிச்சா அணைக்கப் படற பாடு தனி, 2022 ஏப்ரல்ல பெருங்குடி, 2024 ஏப்ரல்ல வெள்ளலூர், ரெண்டும் பேப்பர்ல நாள் கணக்குல வந்துச்சு. ஒரு நகராட்சி தன் கையால நேரடியா வெளியேத்தறதுன்னு பாத்தா பல ஊர்ல முதலிடம் இதுக்குத்தான், பம்புக்கும் லைட்டுக்கும் இல்ல. ஆனா மீத்தேனுக்கு பில் வராது. எந்த அதிகாரி மேஜையிலயும் மாசாமாசம் "இவ்வளவு மீத்தேன் விட்டீங்க, இவ்வளவு கட்டுங்க, தேதி தாண்டினா ஃபியூஸைப் புடுங்குவோம்"னு ஒரு பேப்பர் வந்து விழறதில்ல. அதனால கவுன்சில் கூட்டத்துல கரண்ட் பில்லைப் பத்தி கேள்வி வரும், நாத்தத்தைப் பத்தி கேள்வி வரும், மீத்தேனைப் பத்தி வரவே வராது.

இன்னொரு சிக்கல், இன்னிக்குக் கொட்டற குப்பை பல வருஷத்துக்கு வாயு விட்டுட்டே இருக்கும். இந்த வருஷமே ஊர் முழுக்கத் தரம் பிரிச்சு நுண் உரமாக்கும் மையத்துக்கு அனுப்பினாலும் அடுத்த வருஷக் கணக்குல பெருசா ஒண்ணும் இறங்கித் தெரியாது, பழைய குப்பை வேலை பாத்துட்டே இருக்கும். எல்இடி போட்டா அடுத்த பில்லுலயே தெரிஞ்சுடும். அஞ்சு வருஷம் பதவில இருக்கற சேர்மனும் சீக்கிரமே டிரான்ஸ்ஃபர் ஆகிடற கமிஷனரும் எதைத் தேர்ந்தெடுப்பாங்கன்னு சொல்லவா வேணும், அவங்க இடத்துல யார் இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க.

இதுக்கு நடுவுல நல்லதும் நடக்குது, நடக்கலன்னு சொல்ல மாட்டேன். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006லயே பேங்க் லோன் வாங்கி சொந்தமா 350 கிலோவாட் காத்தாலை வாங்கிச்சு, ஊருக்குப் போக மிச்ச கரண்ட்டை வாரியத்துக்கு வித்தாங்க. திருச்சி மாநகராட்சி பஞ்சப்பூர்ல 2.4 மெகாவாட் சோலார் போட்டாங்க. கூட்டத்துல பேசும்போது இந்த ரெண்டையும் நான் சொல்லாம இருக்கறதில்ல. ஆனா யோசிச்சுப் பாத்தா ரெண்டுலயும் பின்னாடி இருந்தது ஈபி பில்தான், பில் இருந்துச்சு, வலிச்சுது, வழி தேடினாங்க. பில் இல்லாத இடத்துல வலியை எங்க இருந்து கொண்டு வர்றது?

குப்பைலயும் பில்லே இல்லன்னு இல்ல, இருக்கு, ஆனா தப்பான பக்கம் இழுக்குது. பல ஊர்ல தனியார் கான்ட்ராக்டருக்கு டன் கணக்குல காசு. எவ்வளவு குப்பை எடைமேடை ஏறுதோ அவ்வளவு பில். தரம் பிரிச்சு, உரம் போட்டு, குப்பை குறைஞ்சா கான்ட்ராக்டருக்கு நஷ்டம். மழை நாள்ல நனைஞ்ச குப்பைக்கும் அதே ரேட், தண்ணி எடைக்கும் சேத்துத்தான் நகராட்சி காசு கட்டுது. வார்டுல தூய்மைப் பணியாளர் அக்கா பச்சை டப்பா நீல டப்பான்னு வீடு வீடா நின்னு சொல்லி வாங்கிட்டு வருவாங்க, கடைசில லாரில ரெண்டும் ஒண்ணா ஏறும். 2016 குப்பை விதியில தரம் பிரிக்கறது கட்டாயம்னு தெளிவா இருந்துச்சு, ஆனா டெண்டர் பேப்பர்ல டன்னுக்கு இவ்வளவுன்னு இருந்தா ஜெயிக்கறது டெண்டர் பேப்பர்தான்.

அதனால இப்பல்லாம் புது ஊருக்குப் போனா தகவல் கேட்டு அனுப்பற முதல் லெட்டர்லயே ஈபி பில்லோட எடைமேடை சீட்டும், குப்பை ஒப்பந்தத்தோட நகலும் சேத்துக் கேக்கறேன். எரிசக்தி திட்டத்துக்கு இது எதுக்குன்னு ஆச்சரியமாப் பாப்பாங்க. போன தடவை ஒரு ஊர்ல சுகாதார அலுவலர் நேராவே கேட்டுட்டார், கரண்ட்டுக்கு வந்தவங்களுக்கு என் செக்‌ஷன்ல என்ன வேலைன்னு. கரண்ட்டை விட உங்க செக்‌ஷன்லதான் சார் கார்பன் அதிகம்னு சொன்னேன், அதைப் புகார்னு எடுத்துக்கிட்டார், நகல் வர்றதுக்கு ரொம்ப நாள் ஆச்சு. வந்ததும் நாங்க எழுதினது ஒரே ஒரு யோசனை, அடுத்த டெண்டர்ல கிடங்குக்கு வர்ற டன்னுக்குக் காசு கொடுக்காம தரம் பிரிச்சு உர மையத்துக்குப் போற டன்னுக்குக் கொடுங்க, கிடங்குக்கு வர்ற ஒவ்வொரு கலப்பு லோடுக்கும் கழிங்கன்னு. கமிஷனருக்குப் பிடிச்சிருக்கு. இப்போதைய ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கு, அதுக்குள்ள அவருக்கு டிரான்ஸ்ஃபர் வந்துடக் கூடாது, அடுத்து வர்றவருக்கு இந்த ஃபைல் கண்ணுல படணும், கான்ட்ராக்டர் கோர்ட்டுக்குப் போகாம இருக்கணும். பம்ப் ஹவுஸ் வால்வு மட்டும் போன மாசம் முழுசாத் திறந்தாச்சு, புது பம்ப் செட்டு வந்துடுச்சு, திறப்பு விழாவும் ஆச்சு.